அத்தை மகள் என்று சொன்னேன்

பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது கிடையாது. இருபது வருடங்களாகத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் சொல்லப்போகிற பொய்யை அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே பிடித்துவிடுவேன். ஆனால் நானாக ஒன்று சொல்லப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நான் என் சொந்த லயத்துக்கே ஒரு பொய்யைச் சொல்லி, அதைக் கட்டிக் காத்துக்கொண்டு ஆறு மாதம் வாழ்ந்தேன்.

கேஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. சித்திரைப் புதுவருசம் முடிந்த கையோடு ஒரு வியாழக்கிழமை, பாடசாலை விட்டு வந்து சீலையைக்கூட மாற்றவில்லை, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நீலச் சுரிதார், தோளில் பெரிய பை, நெற்றியில் சின்னப் பொட்டு. நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், முகம் வாடிப்போயிருந்தது. "அக்கா" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கிவிட்டது. பதினொரு வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போன என் தம்பி.

தம்பி என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அன்று என் மனதில் அப்படித்தான் ஓடியது, அதனால் அதை அடிக்காமல் விடுகிறேன். இனிமேல் அவள் என்றுதான் எழுதுவேன். அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அவள் பாடுபட்டுச் சம்பாதித்த பெயர், நான் எடுத்து ஊருக்குக் கொடுக்க முடியாது.

"வா" என்று சொல்வதற்கு முன்னால் நான் செய்த காரியம், அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியது. எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு. இங்கே கடுகு தாளித்தால் நாலு வீடு தள்ளித் தும்முவார்கள். பட்டப்பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே காய்ச்சல், இல்லையென்றால் சண்டை. ஐந்து நிமிடம் ஆகவில்லை, கதவு தட்டப்பட்டது.

பக்கத்து வீட்டு மதினி. கூடப்பிறந்த அண்ணன் மனைவி இல்லை, லயத்து முறையில் மதினி. அவள் புருசன் எங்கள் அம்மாவைச் சித்தி என்று கூப்பிட்டவர், அதனால் எங்களுக்கு அண்ணன். கொழுந்து பறிக்கும் கூட்டத்தில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. மதினி என்றால் கேலி பேசவும் உரிமை இருக்கிறதே, அதை ஒருநாளும் வீணாக்கமாட்டாள். முறைப்படி நான் அவளுக்கு நாத்தனார். ஆனால் எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து முறையெல்லாம் போய் நான் டீச்சர் ஆகிவிட்டேன்.

"யாரு டீச்சர் வந்திருக்கிறது? பையும் கையுமா வந்த மாதிரி இருந்திச்சே?"

"அத்தை மகள்" என்றேன். அது எங்கிருந்து வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"எந்த அத்த?"

"அப்பா வழியில. உடப்புசல்லாவையில இருந்தாங்களே, அவங்க."

அப்படி ஓர் அத்தை இருந்தது உண்மை. அவருக்கு நாலும் ஆண்பிள்ளைகள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மதினி என் முகத்தைப் பார்த்தாள், நான் பாதி சாத்திப் பிடித்திருந்த கதவைப் பார்த்தாள்.

"அப்புடியா சங்கதி! அப்ப நம்ம தம்பிக்கு மொறப்பொண்ணுல்ல? கையில வெண்ணெய வச்சிக்கிட்டு ஏன் அலையிறீங்க? தம்பி கொழும்புல இருந்து வந்ததும் பேசி முடிச்சிருங்க."

எனக்கு வேர்த்துவிட்டது. "இல்ல மதினி, அது சரிவராது. ஜாதகம் பொருந்தல."

உள்ளே கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல்போலத் தொடங்கி, தலையணைக்குள் அமுங்கிப்போன சத்தம். மதினி போனதும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் அத்தை மகள் தலையணையை வாயில் கடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "என்னைய எனக்கே கட்டிவைக்கப் பாக்குறாங்க அக்கா!" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரவெல்லாம் யோசித்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். யோசிக்கவே இல்லை. தப்பித்தேன் என்று படுத்துத் தூங்கினேன்.

அவள் ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்பதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாதான் கொழுந்து பறித்து எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். இவளுக்குப் பத்தொன்பது வயதானபோது அம்மாவும் போய்விட்டாள். மூன்று மாதம் கழிந்திருக்கும். ஒரு நாள் பாடசாலையிலிருந்து நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். கண்ணாடிக்கு முன்னால் அவள் அம்மாவின் மஞ்சள் சீலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொசுவம் அவ்வளவு நேர்த்தி, எனக்கே அப்படி வராது. நான் அறைந்தேன். ஒரு அறையோடு நிறுத்தவும் இல்லை. "செத்த அம்மாவ ஏன்டா அசிங்கப்படுத்துற, ஆம்பள மாதிரி இருடா" என்று கத்தினேன். அவள் சீலையை அவிழ்த்து, மடித்து, பெட்டியில் வைத்தாள். மறுநாள் விடியும்போது கட்டில் காலி.

பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசுவோம். சாப்பிட்டியா, வேலை இருக்கா, மழையா, வெயிலா. அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்தது எனக்குக் கேட்டது. கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதினொரு வருடத்துக்குள் நான் பால்நிலை சமத்துவம் பற்றி மூன்று பயிற்சிகளுக்குப் போய் வந்தவள். ஹட்டனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும். பகல் சாப்பாட்டுக்குக் கோழிக்கறி. என் கையெழுத்து அழகு என்பதால் பெரிய தாளில் எழுதுகிற வேலை எப்போதும் எனக்குத்தான். "தான் யார் என்று சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு" என்று பச்சை மார்க்கரில் எழுதி, கீழே சிவப்பில் கோடும் போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கையால்தான் அறைந்தேன் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. படிப்பு வேறு, வீடு வேறு என்று தலைக்குள் ஒரு சுவர் எழுப்பி வைத்திருந்தேன் போலிருக்கிறது.

வந்த முதல் வாரமே அவளுக்குச் சட்டம் போட்டேன். முன்வாசல் இஸ்தோப்பில் நிற்காதே, ஆட்கள் போகிற வருகிற இடம். பீலிக்குத் தண்ணீர் எடுக்கக் கூட்டம் கலைந்த பிறகு போ. கையை ஆட்டிப் பேசாதே. அப்படிச் சத்தம் போட்டுச் சிரிக்காதே. நகத்துக்குச் சாயம் வேண்டாம். தலையை எண்ணெய் வைத்துப் பின்னு, விரித்துவிடாதே.

ஒரு நாள் அவள் கேட்டாள். "அக்கா, ஆம்பளயா இருந்தப்போ ஆம்பள மாதிரி இருன்ன. இப்ப பொம்பள மாதிரி இருங்கிற. எப்பத்தான் நான் என்னைய மாதிரி இருக்கிறது?"

"வாய் நீண்டு போச்சு" என்றேன். பதில் இல்லாதபோது நான் சொல்கிற பதில் அது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் சட்டங்களில் ஒன்றுகூட நான் அவளுக்காகப் புதிதாகச் செய்ததில்லை. எல்லாம் எனக்கு மற்றவர்கள் போட்டது. கல்யாணம் கட்டாமல் நாற்பத்து மூன்று வயதைத் தொட்ட டீச்சர் நான். எவன் வீட்டுக்கு வருகிறான், எவனோடு பஸ்ஸில் பேசுகிறாள் என்று ஊர் பார்க்கும். அதற்காகச் சிரிப்பைக் குறைத்து, நடையைக் குறைத்து, சீலையின் நிறத்தைக்கூடக் குறைத்து நல்ல பெயர் வாங்கி வைத்திருந்தேன். அதை இவள் வந்து ஒரே நாளில் கெடுத்துவிடுவாளோ என்ற பயம். அவள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பயம்தான் முன்னால் நின்றது. அதைவிடக் கேவலமானது ஒன்றும் உண்டு, பொறாமை. சிறுவயதிலிருந்தே நான் பெண், ஆனால் என்னால் அப்படிச் சிரிக்க முடிந்ததில்லை.

அவள் சட்டத்தை மதித்தாளா? எங்கே! நான் பாடசாலைக்குப் போன கையோடு பீலியடியில் மதினியோடும் மற்றப் பெண்களோடும் போய் நிற்பாள். நான் வருவதற்குள் வீட்டுக்குள் வந்துவிடுவாள். குசினியில் யார் வீட்டுச் சம்பலோ, யார் வீட்டு ரொட்டியோ இருக்கும். "யாரு குடுத்தா?" என்றால், "அத்தை மகளுக்குக் குடுத்தாங்க" என்பாள். மதினி வேறு, வாரத்துக்கு ஒரு தடவை வாசலில் நின்று, "என்னா டீச்சர், ஜாதகத்த வேற எடத்துல காட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்காமல் விடமாட்டாள். நான் நெருப்பில் நிற்பதுபோல் நிற்பேன்.

ஐப்பசி பிறந்து மழை கொஞ்சம் விட்டதும் மலையில் கொழுந்து பொங்கிவிட்டது. பறிக்க ஆள் இல்லை. இளம்பெண்கள் எல்லாம் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். "மல காடாக் கெடக்கு, சும்மாதான இருக்க, வந்து பேர் பதி" என்று மதினி இவளிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்து என்னிடம், "நான் கொழுந்துக்குப் போறேன் அக்கா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "அம்மா இடுப்பொடிஞ்சி பறிச்சது நாம திரும்பவும் இதச் செய்யவா?"

"நீ படிச்ச. நான் ஓடிப்போனேன். கொழும்புல நான் வேல செஞ்ச கடைய மூடிட்டாங்க. இங்க ஆறு மாசமா உன் சம்பளத்துல சாப்புட்டுக்கிட்டு, கதவுக்குப் பின்னால உக்காந்திருக்கேன். எனக்குக் கையும் காலும் இருக்கில்ல?"

அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. ஆனால் வேறொரு சிக்கல் இருந்தது. எங்கள் டிவிசனில் ஒரு வழக்கம் உண்டு, மற்றத் தோட்டங்களில் இருக்கிறதோ என்னவோ. கொழுந்துக்குப் புதிதாகப் பேர் பதிகிற பெண் தனியாகப் போய் நிற்கக்கூடாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு, அவள் வீட்டுப் பெண் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கங்காணி, "உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்பார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். மகளோ, மருமகளோ, கொழுந்தியோ, எதுவானாலும் சரி. அதை வைத்துத்தான் மற்றப் பெண்கள் அவளை என்னவென்று கூப்பிடுவது என்று முடிவு செய்வார்கள். முறை தெரியாத ஒருத்திக்குப் பக்கத்து வரிசையில் நின்றுகொண்டு நாள் முழுக்க என்ன பேசுவது?

"சரி, திங்கக்கிழமை கூட்டிப் போறேன். அத்தை மகள்னு சொல்லிடுறேன்" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அப்புடிச் சொல்றதா இருந்தா நீ வரவேணாம்."

"ஏன், இவ்வளவு நாளும் அப்படித்தானே இருந்த?"

"வீட்டுக்குள்ள இருந்தேன். பெரட்டுல நின்னு சொன்னா அது பதிஞ்சிரும் அக்கா. சாகுற வரைக்கும் நான் இந்தத் தோட்டத்துல உன் அத்தை மகள். அம்மா மகள் இல்ல." என்னை நேராகப் பார்த்தாள். "என்னைய என்னான்னு சொல்லணுமோ அதச் சொல்லு. முடியாட்டிப் பரவாயில்ல, நான் கோவிக்கமாட்டேன். மொத பஸ்ஸுல ஹட்டனுக்குப் போயி அப்புடியே கொழும்புக்குப் போயிடுறேன். அங்க ரூம்காரன் தொரத்துவான், ரோட்டுல போறவன் விசிலடிப்பான். ஆனா அங்க நான் யாரோட பொய்யும் இல்ல."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய்த் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். பதினொரு வருடத்துக்கு முன் மடித்தது போலவே மடித்தாள். இந்தத் தடவை போனால் பொங்கலுக்கும் போன் வராது என்று தெரிந்தது.

சனியும் ஞாயிறும் எப்படிக் கழிந்தன என்று கேட்காதீர்கள். சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பெண்கள் முகத்தைத் திருப்புவார்கள். பெற்றோர் பிள்ளைகளை என் வகுப்பிலிருந்து எடுப்பார்கள். சில்லறைக் கடையில் நிற்கிற வெட்டிப்பயல்கள் பாட்டுக் கட்டுவார்கள். மதினி? ஆறு மாதம் ஏமாற்றியதற்கு என் முகத்தில் விழிக்கமாட்டாள்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் இறங்கினோம். பெரட்டுக் களம் மெயின் ரோட்டு ஓரத்தில்தான், பஸ் நிற்பதும் அங்கேயேதான். அவள் ஒரு தோளில் துணிப்பை, மறுகையில் கொழுந்துச் சாக்கு. எது தேவைப்படுமோ என்று இரண்டையும் எடுத்துவந்திருந்தாள். அந்த நிமிடம் வரைக்கும் எது என்று எனக்கும் தெரியாது.

இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு முப்பது நாற்பது பெண்கள் நின்றார்கள். மதினி முன்வரிசையில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கங்காணியிடம் போனேன்.

"என்னாங்க டீச்சர், ஸ்கூலு இந்தப் பக்கம் இல்லீங்களே?" என்று கங்காணி சிரித்தார்.

"பேர் பதியணும் கங்காணி."

"நல்லதுங்க. ஆளில்லாமத்தான் கெடக்கோம். உங்களுக்கு என்னா மொறைங்க?"

மேல் வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. நான் வளைவைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பஸ் இறங்கி வருகிற சத்தம் கேட்கிறது. என் பிடிக்குள்ளிருந்து அவள் கை மெதுவாக உருவிக்கொள்வது தெரிந்தது. இழுக்கவில்லை, கோபம் இல்லை, தானாக நழுவுகிறது. நான் எட்டி இறுக்கிப் பிடித்தேன்.

"தங்கச்சி" என்றேன். "என் கூடப் பொறந்த தங்கச்சி!" காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் வந்தது. அவ்வளவு சத்தம் தேவையே இல்லை, கங்காணி இரண்டடி தூரத்தில்தான் நின்றார்.

முன்வரிசையில் இருந்து ஒரு பெரிய மூச்சு.

"அப்பாடா!" மதினி வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் வந்தாள். "அப்ப எனக்கு நாத்துனா. ஆறு மாசமா என்னா மொற சொல்லிக் கூப்புடுறதுன்னு தெரியாம வாயில கொழுக்கட்டய வச்சிக்கிட்டுக் கெடந்தேன். இன்னைக்காச்சும் சொன்னீங்களே!"

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் தொங்கிக்கொண்டே, "ஹட்டன், ஹட்டன்" என்றான். மதினி திரும்பிப் பார்த்து, "போ தம்பி போ, இங்க யாரும் வரல" என்றாள். பஸ் போய்விட்டது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மதினி, உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! சின்னதுல இந்தப் புள்ள கால்ல தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டப்போ மருந்து வச்சிக் கட்டுனதே நான்தான். மொத நாளே, உங்க வாசலுக்கு வர முந்தியே, பீலியில கால் கழுவுறப்போ தழும்பப் பாத்தேன். எனக்குத் தெரியாதா? இந்த லயத்துல யாருக்குத்தான் தெரியாது? அந்த உடப்புசல்லாவ அத்தைக்கு நாலும் பயலுங்க, அது வேற."

"பிறகு ஏன் முறைப்பொண்ணு, கல்யாணம் என்றெல்லாம்..."

"உங்க வாயக் கிண்டிப் பாத்தேன். அப்பவாச்சும் சிரிச்சிக்கிட்டு உண்மையச் சொல்லிருவீங்கன்னு பாத்தா, ஜாதகம் பொருந்தலன்னீங்களே டீச்சர்! அன்னைக்கு வீட்டுக்குப் போயி நானும் உங்க அண்ணனும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

பின்னால் எல்லாப் பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். என் தங்கச்சியும் சிரித்தாள், நான் தடைசெய்து வைத்திருந்த அதே சத்தமான சிரிப்பு. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஆறு மாதம்! ஆறு மாதமாக நான் பயந்து செத்தது எதற்கு?

"தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்று சண்டைக்குப் போனேன்.

மதினி சிரிப்பை நிறுத்தினாள். "நாங்க எப்புடி டீச்சர் சொல்றது? நீங்க சொன்னா அது மொற. நாங்க சொன்னா பொறணி."

கோபம் போன இடம் தெரியவில்லை.

எல்லாம் இனிப்பாக நடந்தது என்று எழுதமாட்டேன். பின்வரிசையில் ஒருத்தி, "காலம் கெட்டுப் போச்சு" என்று முணுமுணுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். இன்றைக்கும் அவள் என் தங்கச்சிக்குப் பக்கத்து வரிசையைப் பிடிக்கமாட்டாள். கடையடிப் பயல்கள் பாட்டும் கட்டினார்கள், பிறகு அவர்களுக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். கங்காணி பேனாவை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "ஐடென்டியில வேற பேருல்லங்க இருக்கும்? ஆபீசுல இருந்து கண்டாக்கையா வந்து கேட்டா என்னா சொல்றது?"

"ஐடென்டியா கொழுந்து பறிக்கப் போவுது? கையிதான பறிக்குது? எழுதுங்க" என்றாள் மதினி.

அவர் தற்காலிக ஆட்களை எழுதும் கொப்பியில் என் தங்கச்சி சொன்ன பெயரை எழுதினார். எழுத்தைக் கூட்டிக் கேட்டு, ஒரு கொம்பு விடாமல் எழுதினார். அடையாள அட்டையை மாற்ற நாங்கள் அலைந்த அலைச்சல் தனிக்கதை. இப்போது அதிலும் அந்தப் பெயர்தான்.

பெண்கள் வரிசையாக மலைக்கு ஏறினார்கள். மதினி தன் நாத்தனாரின் இடுப்பில் ஒரு படங்கைச் சுற்றிக் கட்டிவிட்டுக்கொண்டே போனாள். என் தங்கச்சி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சு மும்முரத்தில் என்னை மறந்தே போய்விட்டாள். அது எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா! துணிப்பையை ரோட்டோரத்திலேயே போட்டுவிட்டுப் போயிருந்தாள். நான் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்குத் திரும்ப ஏறினேன். நல்ல கனம். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், மூக்கைச் சிந்தினேன், ஜாதகம் பொருந்தல என்று நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். உடம்பிலிருந்து ஏதோ காய்ச்சல் இறங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பையிலிருந்த துணிகளை எல்லாம் எடுத்து அலுமாரியில் என் சீலைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். கதவை அகலத் திறந்துவிட்டு, மறுபக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாடசாலைக்கு ஓடினேன்.

அதிபர் வாசலிலேயே நின்றார். ஹட்டனிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்கள் வீட்டு விசயம் ஒன்றும் தெரியாதவர். நான் மழை என்று சொல்லியிருக்கலாம், பஸ் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எந்தப் பொய்யும் போதும்.

"என்ன டீச்சர், நீங்க பிந்தி வந்து நான் பாத்ததே இல்லையே?"

"தங்கச்சிய வேலைக்குப் பேர் பதிஞ்சிட்டு வர்றேன் சேர்."

"அப்படியா? உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறது எனக்குத் தெரியாதே. எத்தனை வயசு?"

"முப்பது" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. முப்பது வருடமாக எனக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கிறாள்.